மறதிக்குப் பெயர் பிரமாதம்

புணேயில் வாழும் தமிழர் காதில் ஒரே சொல் இரண்டு மொழிகளில் இரண்டு பொருளோடு விழுகிறது. கச்சேரி பிரமாதம், சாப்பாடு பிரமாதம் என்று நாம் சொன்னால் அது பாராட்டு. மராட்டியர் ‘பிரமாத்’ என்றால் அது பிழை. கவனம் தவறிச் செய்த குற்றம். மூலச் சொல்லுக்கு நெருக்கமாக நிற்பது மராட்டியப் பொருள்தான். வடமொழிப் பிரமாதமும் பாலி மொழிப் பமாதமும் மனம் தன் காவலை விட்டுச் சோர்வதைக் குறிப்பவை. அதற்கு எதிரான அப்பமாதத்தை, அதாவது சோர்வின்றி விழித்திருத்தலை, புத்தர் தம் கடைசி அறிவுரையாகச் சொல்லிப் போனார் என்று மகாபரிநிப்பாண சுத்தம் என்ற பாலி நூல் பதிவு செய்கிறது. ஒரு பிழைச்சொல் தமிழில் எப்படிப் பாராட்டாக மாறியது என்பதை மொழி ஆய்வாளர்கள் சொல்லட்டும். ஜப்பானின் அணுமின் வரலாற்றைப் படிக்கும்போது இந்த இரண்டு பொருளும் ஒன்றுக்குள் ஒன்று பிறப்பதைப் பார்க்க முடிகிறது. பிரமாதம் என்று உலகம் மெச்சிய ஒரு சாதனையின் உள்ளேயே பிரமாதம் வளர்ந்தது. கெட்ட எண்ணம் எவருக்கும் இல்லாமல், கவனம் தவறியதால் மட்டும் வந்த பேரழிவுக்கு அறத்தின் முன் யார் பதில் சொல்வது? மனிதரின் விழிப்பு எட்டாத காலத்துக்கும் விழிப்பைக் கேட்கும் ஒன்றைத் தொடங்கிவைக்க ஒரு தலைமுறைக்கு உரிமை உண்டா? ரத்னகிரி மாவட்டத்தின் ஜைதாப்பூரில் தலா 1,730 மெகாவாட் திறனுள்ள ஆறு உலைகளை, மொத்தம் 10,380 மெகாவாட்டுக்கு, நிறுவத் திட்டமிட்டிருக்கும் மராட்டிய மாநிலத்தில் இவை ஏட்டுக் கேள்விகளாக நின்றுவிட முடியாது.

ஜப்பானின் மேற்குக் கடலோரத்தில் ஃபுகுய் மாநிலம் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் தோகென் என்ற துறவி நிறுவிய எய்ஹெய்ஜி ஜென் மடம் அங்கேதான். அதே மாநிலத்தின் த்சுருகா நகரில் எழுந்த இரண்டு அணு உலைகளுக்கு ஃபுகென், மோன்ஜு என்று பெயர் வைத்தார்கள். இவை சமந்தபத்திரர், மஞ்சுஸ்ரீ என்ற போதிசத்துவர்களின் ஜப்பானியப் பெயர்கள். மஞ்சுஸ்ரீ ஞானத்தின் வடிவம்; சிங்கத்தின்மேல் வீற்றிருப்பார். சமந்தபத்திரர் யானைமேல் வருவார். கருணையும் நற்செயலும் அவருக்கு உரியவை. அணு என்னும் மதங்கொண்ட விலங்கை ஞானமும் கருணையும் அடக்கி நடத்தும் என்ற நம்பிக்கையில் வைத்த பெயர்கள் அவை. 1994 ஏப்ரலில் மோன்ஜுவில் தொடர்வினை தொடங்கியது. 1995 டிசம்பர் 8 அன்று அதன் குழாயிலிருந்து திரவ சோடியம் கசிந்து தீப்பிடித்தது. புத்தர் போதி அடைந்த நாளாக ஜப்பானியர் போற்றுவதும் டிசம்பர் 8தான். கதிரியக்கம் வெளியேறவில்லை, ஆனால் விபத்தின் வீடியோவை நிறுவனம் வெட்டிச் சுருக்கி வெளியிட்டது தெரியவந்தபோது மக்கள் நம்பிக்கை உடைந்தது. 2010 மே மாதம் உலை மீண்டும் ஓடியது. ஆகஸ்டில் எரிபொருள் மாற்றும் மூன்று டன் கருவி உலைக்கலத்துக்குள் விழுந்தது. 2016 டிசம்பரில் மோன்ஜுவை மூட அரசு முடிவு செய்தது. அதன்மேல் செலவான தொகை ஒரு லட்சம் கோடி யென்னுக்கும் மேல். 22 ஆண்டுகளில் அது ஓடிய நாட்கள் சுமார் 250. பெயர் வைத்தவர்கள் ஊரை ஏமாற்ற நினைத்தார்கள் என்று சொல்ல ஆதாரம் இல்லை. அவர்கள் பிழை வேறிடத்தில் இருக்கிறது. மஞ்சுஸ்ரீ என்பது சிங்கத்தின்மேல் அமர்ந்து அதை நடத்துபவரின் பெயர். இங்கே அந்தப் பெயர் சிங்கத்துக்குப் போய்விட்டது. ஞானம் மனிதரிடம் இருக்க வேண்டிய குணம் என்பது மறந்து, இயந்திரத்திடம் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட குணம் என்று ஆயிற்று.

இந்த இடமாற்றம் ஒரே நாளில் நடந்ததன்று. அணுகுண்டின் கொடுமையை உடலில் தாங்கிய ஒரே நாடு, ஒன்பதே ஆண்டுகளில், 1954 மார்ச்சில், அணு ஆய்வுக்கு முதல் நிதி ஒதுக்கியது. 1955 டிசம்பரில் வந்த அணுசக்தி அடிப்படைச் சட்டம் ஜனநாயகம், தற்சார்பு, வெளிப்படைத்தன்மை என்ற மூன்று நெறிகளைத் தொழிலுக்கு விதித்தது. 1966இல் தோக்காய் ஊரில் முதல் வணிக உலை இயங்கியது. 1970 மார்ச்சில் ஒசாகா உலகக் கண்காட்சி தொடங்கிய நாளிலேயே த்சுருகா உலையின் மின்சாரம் அங்கே விளக்கேற்றியது. 1971இல் ஃபுகுஷிமா டாயிச்சியின் முதல் உலை வந்தது. 2011இல் உலைகள் 54. நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் அவற்றிலிருந்து வந்தது. எண்ணெய் வளம் இல்லாத, 1973இன் எண்ணெய் நெருக்கடியில் தவித்த ஒரு தீவு நாட்டுக்கு இது உண்மையிலேயே பெரிய சாதனை. அந்தச் சாதனையோடு ஒரு நம்பிக்கையும் வளர்ந்தது. ‘பாதுகாப்புப் புராணம்’ என்று ஜப்பானியரே பின்னாளில் அதை அழைத்தார்கள். உலைக்கு நிலம் தந்த கடலோர ஊர்களிடம் விபத்தே நேராது என்று சொல்லியிருந்தார்கள். அப்படிச் சொன்ன பிறகு புதிதாக ஒரு தடுப்புச் சுவர் எழுப்பினால், இதுவரை குறை இருந்தது என்று ஒப்புக்கொண்டதாகும். பெரிய விபத்தை எண்ணி ஊர் முழுவதற்கும் ஒத்திகை நடத்தினாலும் அப்படித்தான். இவ்வாறு, பாதுகாப்பாக இருக்கிறோம் என்ற சொல்லே பாதுகாப்பைக் கூட்டுவதற்குத் தடையாயிற்று. 1999 செப்டம்பரில் தோக்காய் எரிபொருள் ஆலையில் நேர்ந்த விபத்தில் இரண்டு தொழிலாளர்கள் கதிர்வீச்சால் இறந்தார்கள். 2002இல் டோக்கியோ மின் நிறுவனமான டெப்கோ ஆய்வுப் பதிவேடுகளைத் திருத்தியது வெளியே வந்து, மறு ஆண்டு அதன் 17 உலைகளும் நிறுத்தப்பட்டன. இந்த எச்சரிக்கைகளுக்குப் பிறகும் புராணம் அழியவில்லை.

2011 மார்ச் 11 பிற்பகல் 2.46க்கு 9.0 அளவில் நிலம் அதிர்ந்தது. ஒரு மணி நேரத்துக்குள் 14 மீட்டருக்கும் மேல் உயர்ந்த நீர் ஃபுகுஷிமா டாயிச்சியை மூடியது. டீசல் மின்னாக்கிகள் மூழ்கின, குளிர்விக்கும் வழி அற்றது, மூன்று உலைகளின் எரிபொருள் உருகியது. அதன்பின் அதிகாரிகள் வாயில் ஒரு சொல் அடிக்கடி வந்தது: சோதேய்காய், அதாவது எண்ணத்துக்கு எட்டாதது. எட்டாததுதானா? அந்த இடத்தில் கடலோரக் குன்று 35 மீட்டர் உயரம் இருந்தது; கட்டுவதற்கு முன் அதை 10 மீட்டராக வெட்டித் தாழ்த்தினார்கள். தொடக்கத்தில் கணக்கில் கொண்ட அலை 3.1 மீட்டர், 1960இல் சிலி நாட்டு நிலநடுக்கம் அனுப்பிய அலையின் அளவு அது. 2002இல் அது 5.7 ஆகத் திருத்தப்பட்டது. அதே ஆண்டு அரசின் நிலநடுக்க ஆய்வு அமைப்பு, அக்கடலோரத்தில் எங்கும் பெரிய ஆழிப்பேரலை எழக்கூடும் என்று அறிவித்தது. 2004 டிசம்பர் 26 அன்று நம் கல்பாக்கத்தில் அலை புகுந்து அணுமின் நிலையத்தின் நீரேற்றும் கூடத்தை மூழ்கடித்தது. ஓடிக்கொண்டிருந்த உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள். கடல் அணு உலைக்குள் வரும் என்பதை வங்கக்கடல் காட்டிவிட்டது. அதைப் பார்த்து ஜப்பானிலும் ஓர் ஆய்வுக் குழு கூடியது. 14 மீட்டர் அலை வந்தால் ஃபுகுஷிமா டாயிச்சியின் ஐந்தாம் உலை மின்சாரம் முழுவதையும் இழக்கும் என்ற விடை 2006இலேயே அதன்முன் இருந்தது. 2008இல் டெப்கோவின் சொந்தக் கணக்கு 15.7 மீட்டர் என்றது. மேலும் ஆராயட்டும் என்று அதைப் பொறியாளர் சங்கத்துக்கு அனுப்பினார்கள். அந்த எண் அரசின் கண்காணிப்பு அலுவலகத்தில் முறையாக வைக்கப்பட்டது 2011 மார்ச் 7 அன்று. மிச்சம் இருந்தவை நான்கு நாட்கள்.

நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழு, கியோஷி குரோகாவாவின் தலைமையில், 2012 ஜூலையில் இதை மனிதர் உண்டாக்கிய அழிவு என்று அறிவித்தது. நீதிமன்றங்கள் வேறு விதமாகத் தீர்ப்பளித்தன. டெப்கோவின் முன்னாள் தலைவர்களைக் குற்றவியல் வழக்கிலிருந்து 2019இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் விடுவித்தது. 2025இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அரசுக்கு இழப்பீட்டுப் பொறுப்பு இல்லை என்று 2022இல் உச்ச நீதிமன்றம் கூறியது. இந்தத் தீர்ப்புகளை வெறும் அநியாயம் என்று தள்ள நான் விரும்பவில்லை. ஒரு மனிதரைச் சிறைக்கு அனுப்புவதற்கு ஐயமற்ற நிரூபணம் வேண்டும் என்று சட்டம் கேட்பது சரியே. பௌத்தத்தின் பக்கமிருந்தும் ஒருவர் இங்கே தடை எழுப்பலாம்: எண்ணமே வினை என்று புத்தர் போதித்தார், தீங்கு செய்யும் எண்ணம் இல்லாதவர்மேல் வினை எப்படி ஏறும்? அழுத்தமான கேள்விதான். ஆனால் எண்ணம் என்பது ஒன்றை விரும்புவதோடு முடிகிறதா? ஒன்றைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் மனத்தின் செயல். 15.7 என்ற எண்ணைப் படித்தபின் அதை இன்னொரு குழுவுக்கு அனுப்பி வைத்தது ஒரு தேர்வு. அறியாமையையும் பௌத்தம் வெறும் தகவல் குறைவாகப் பார்க்கவில்லை. உள்ளதை உள்ளபடி காண மறுக்கும் பற்றோடு சேர்த்தே பார்க்கிறது. அதனால்தான் அப்பமாதம் அங்கே ஒரு தனி அறமாக நிற்கிறது. கொல்லாமை, பொய்யாமை போன்ற நெறிகள் செய்யக்கூடாததைச் சொல்கின்றன. இது, அவற்றைக் காக்கும் மனம் தூங்கிவிடக் கூடாது என்கிறது.

வள்ளுவர் இதே குணத்துக்குப் பொச்சாவாமை என்று பெயரிட்டு ஓர் அதிகாரமே எழுதினார். பொச்சாப்பு என்பதும் மறதிதான்; ஆனால் முதுமையிலோ களைப்பிலோ வரும் மறதியை அவர் அங்கே பேசவில்லை. செல்வமும் வலிமையும் வெற்றியும் தந்த மகிழ்ச்சியில் மயங்கி, காக்க வேண்டியதைக் காக்க மறப்பதையே பேசுகிறார். அளவு மீறிய கோபத்தைவிட அது கொடிது என்பது அவர் கணிப்பு. அந்த அதிகாரம் இருக்குமிடமும் கவனிக்கத் தக்கது. அறத்துப்பாலில் தனிமனிதருக்குரிய ஒழுக்கங்களோடு அதை அவர் வைக்கவில்லை. பொருட்பாலில், அரசுக்கு உரியவற்றோடு வைத்தார். அதிகாரம் உள்ளவனின் மறதி அவனோடு நிற்காமல் அவனை நம்பியவர்கள் தலையில் விழும் என்பதை அறிந்த வைப்புமுறை இது. ஃபுகுஷிமாவின் காரணத்தைப் பேராசை என்று சொல்வோர் உண்டு, இயற்கை என்று சொல்வோர் உண்டு. முப்பது நாற்பது ஆண்டுகள் பெரிய விபத்தின்றி ஓடிய உலைகளின் வெற்றியே மறதியைப் பயிரிட்டது என்பதை அந்த இரண்டு சொல்லும் சொல்லிவிடவில்லை. ஒவ்வோர் ஆண்டும் விபத்தின்றிக் கழிவது, அடுத்த ஆண்டும் அப்படியே கழியும் என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. கடலுக்கு அந்தக் கணக்கு தெரியாது.

இதற்கு ஊழ் என்ற விடை ஒன்று உண்டு. ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறை வரும் அலை; வந்தது; யார் என்ன செய்ய முடியும்? செய்ய முடிந்தது என்பதற்கு அதே கடலோரத்தில் சாட்சி நிற்கிறது. நிலநடுக்க மையத்துக்கு ஃபுகுஷிமாவைவிட அருகில் இருந்தது ஓனாகவா அணுமின் நிலையம். அதைக் கட்டிய தோஹோகு மின் நிறுவனத்தில் துணைத் தலைவராக இருந்த யானோசுகே ஹிராய் என்ற பொறியாளர், கி.பி. 869இல் வந்த ஜோகான் பேரலையை மறக்கவில்லை. அந்த அலையின் நினைவைக் கோயில் மரபு காத்துவந்த ஊரில் வளர்ந்தவர் அவர். உயரம் போதும் என்று மற்றவர்கள் சொன்னபோதும் அவர் விடாமல் வற்புறுத்தியதால் நிலையம் 14.8 மீட்டரில் அமைந்தது. 2011இல் நிலம் ஒரு மீட்டர் தாழ்ந்தது. அலை சுமார் 13 மீட்டர் எழுந்தது. உலைகள் பத்திரமாக நின்றன. வீடிழந்த அக்கம்பக்கத்து மக்கள் முந்நூறு பேருக்கு மேல் அந்த நிலையத்திலேயே தஞ்சம் புகுந்தார்கள். ஒரே ஊழ், ஒரே கடல், ஒரே நாள். ஓரிடத்தில் அழிவு, ஓரிடத்தில் அடைக்கலம். நடுவே இருந்த வேறுபாடு, ஒருவர் மறக்கவில்லை என்பதுதான். ஆனால் இந்தச் சாட்சியம் இரண்டு பக்கமும் வெட்டுகிறது. விழிப்பு முடியும் என்று காட்டும் அதே கதை, அது ஒரு மனிதரின் பிடிவாதத்தில் தொங்கியது என்பதையும் காட்டுகிறது. 54 உலைகளுக்கும் ஒரு ஹிராய் கிடைப்பாரா என்பதைத் திட்ட அறிக்கை எதுவும் உறுதி சொல்ல முடியாது.

ஜப்பானியரின் குறை நமக்கு எதற்கு என்று நினைப்பவருக்குப் புணேயின் சொந்த வரலாறே பதில் தரும். 1961 ஜூலை 12 காலை பான்ஷேத் மண் அணை உடைந்தது. அதன் வெள்ளம் கீழே இருந்த கடக்வாஸ்லா அணையையும் உடைத்து, முத்தா ஆற்றங்கரைப் பேட்டைகளைச் சூறையாடியது. நூற்றுக்கணக்கானோர் இறந்தனர், பல்லாயிரம் குடும்பங்கள் வீடிழந்தன. அணை அப்போது முழுமை பெறவில்லை. ஓராண்டு முன்னதாகவே நீர் தேக்கிவிட வேண்டும் என்ற வேகம் இருந்தது. நீரை வெளியேற்றும் அமைப்பின் வேலை முடியுமுன் மழைக்காலம் வந்தது. அங்கேயும் கொலை நோக்கம் எவருக்கும் இல்லை. நல்ல காரியத்தை விரைந்து முடிக்கும் உற்சாகம்தான் இருந்தது. தக்காணப் பாறை அசையாது என்பது நீண்டகால நம்பிக்கை. 1967 டிசம்பர் 11 அன்று சாத்தாரா மாவட்டத்தின் கொய்னா அணைக்கட்டுப் பகுதி அதிர்ந்து ஏறத்தாழ 180 பேர் மாண்டார்கள். 1993 செப்டம்பர் 30 விடியற்காலை லாத்தூர் மாவட்டம் கிள்ளாரியில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, நாட்டின் நிலநடுக்க வரைபடம் அந்த மண்ணை ஆபத்து மிகக் குறைந்த முதல் மண்டலத்தில் வைத்திருந்தது. வரைபடம் அதுவரை நடந்தவற்றின் பதிவு. இனி நடக்கக்கூடியவற்றின் எல்லை என்று அதை எடுத்துக்கொண்டதே பிழை. ஜைதாப்பூர் பீடபூமியைப் பற்றி இன்று சொல்லப்படும் உறுதிமொழிகளையும் இந்த நினைவோடுதான் படிக்க வேண்டும்.

அப்படியானால் அணையும் கட்டக் கூடாதா, ரயிலும் விடக் கூடாதா என்ற கேள்வி உடனே எழும். எல்லாத் தொழிலிலும் சோர்வு உண்டு, எல்லாச் சோர்வுக்கும் விலை உண்டு. ஆனால் பான்ஷேத் வெள்ளம் ஒரு நாளில் வடிந்தது. இழப்பு ஆறாதது என்றாலும், அந்த நீர் இன்று பிறக்கும் குழந்தையின் வாசலில் நிற்பதில்லை. அணையும் மீண்டும் எழுந்தது. அணு உலையின் கழிவு விபத்தே இல்லாமல் இருந்தாலும் விழிப்பைக் கேட்கிறது. அதுவும் ஒரு லட்சம் ஆண்டு அளவில் கேட்கிறது. அந்தக் காலத்தின் நீளத்தை உணரப் புணேக்காரர் தொலைவு போக வேண்டாம். லோணாவளா அருகே கார்லே குடைவரையில், சுமார் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் தூண்களைத் தானம் செய்தவர்கள் தங்கள் பெயரை பிராமி எழுத்தில் வெட்டி வைத்தார்கள். கல் அழியவில்லை, ஊர் அழியவில்லை, மக்களும் தொடர்ந்து வாழ்ந்தார்கள். எழுத்தைப் படிக்கத்தான் ஒருவரும் இல்லாமல் போனார்கள். 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் படித்தறியும்வரை அந்த எழுத்து ஊமையாக இருந்தது. குடைந்தவர் யார் என்பது மறந்துபோய், நாசிக் குடைவரைகளைப் பாண்டவர் குகைகள் என்று மக்கள் அழைத்தார்கள். மதுரைப் பக்கத்துச் சமணர் படுக்கைகளைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்று நம் முன்னோர் அழைத்தார்கள். அங்கிருந்த எழுத்து தமிழே என்பது 1924இல்தான் அறியப்பட்டது. தம் தாய்மொழியில், தம் ஊரில், கல்லில் வெட்டிய செய்தியையே ஓர் இனம் ஆயிரம் ஆண்டில் மறந்துவிடும் என்றால், ‘இங்கே தோண்டாதே’ என்ற எச்சரிக்கையை எந்த மொழியில், எந்தக் கல்லில் வெட்டுவது? ஜப்பானின் மியாக்கோ நகர்ப் பகுதியில் அனெயோஷி என்ற சிற்றூரில், 1933 பேரலைக்குப் பின் இந்தக் கல்லுக்குக் கீழே வீடு கட்டாதீர்கள் என்று எழுதி நட்டார்கள், ஊரார் கேட்டார்கள், 2011இல் அவர்கள் வீடுகள் தப்பின. அது எழுபத்தெட்டு ஆண்டுகளின் நினைவு. அதே கடலோரத்தில் பல ஊர்களில் அந்த நினைவும் தங்கவில்லை.

எல்லாம் நிலையாதவை என்று சொல்லும் சமயம், நிலையாத உலகின் எதிர்காலத்துக்காக ஏன் இவ்வளவு கவலைப்பட வேண்டும் என்று கேட்பவரும் உண்டு. நிலையாமை நமக்கு ஒழிவு தரும் தத்துவம் இல்லை. நிறுவனங்களும் அரசுகளும் மொழிகளும் நிலையாதவை என்பதால்தான், அவை நிலைத்தால் மட்டுமே காக்கக்கூடிய ஒரு சுமையை உண்டாக்க யோசிக்க வேண்டும். 2011 டிசம்பர் 1 அன்று அகில ஜப்பான் பௌத்த சங்கங்களின் கூட்டமைப்பு, அணு மின்சாரத்தைச் சாராத வாழ்முறையைக் கோரி அறிக்கை வெளியிட்டது. யாரோ ஒருவரின் தியாகத்தின்மேல் நிற்கும் செழிப்பை நாடக் கூடாது என்பது அதன் மையம். அதற்கு முந்தைய மாதம் ஜப்பானின் கத்தோலிக்க ஆயர்களும் உலைகளை உடனே கைவிடும்படி கேட்டார்கள். பௌத்தர்களின் அறிக்கை சொன்ன அந்த யாரோ ஒருவர், இன்னும் பிறக்காதவராகவும் இருக்கலாம். அவரிடம் ஒப்புதல் கேட்க வழியில்லை. வழியில்லாத இடத்தில் நமக்கு இருக்கும் நேர்மையான போக்கு, அவர் பெயரில் கடன் வாங்காமல் இருப்பதே.

இனி எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதத்துக்கு வருகிறேன். ஃபுகுஷிமாவில் கதிர்வீச்சால் இறந்ததாக அரசு ஏற்றுக்கொண்டது ஒரு தொழிலாளரை மட்டும். வெளியேற்றத்தின் அலைக்கழிப்பிலும் அதன் பின்விளைவிலும் இறந்தோர் அந்த மாநிலத்தில் 2,300க்கும் மேல். ஆகவே கொன்றது அணு இல்லை, அச்சம் என்கிறார்கள். உலைகளை நிறுத்திய ஜப்பான் நிலக்கரியும் எரிவாயுவும் எரித்தது. அந்தப் புகையும் கொல்கிறது, புவியும் சூடாகிறது. சந்திரப்பூரிலும் கொராடியிலும் நிலக்கரிச் சாம்பலைச் சுவாசிக்கும் மராட்டிய மக்களை முன்னிறுத்திப் பார்த்தால் இந்த வாதத்தை எளிதாகத் தள்ள முடியாது, தள்ளவும் கூடாது. ஆனால் ஒன்றரை லட்சம் பேரை ஊரைவிட்டு வெளியேற்றியது எது? கதிர்வீச்சின் அளவும் பரவலும் அறியாமல் தடுமாறிய நிர்வாகம். ஒத்திகையே பார்க்காத மருத்துவமனைகள். விபத்து நேராது என்ற முந்தைய உறுதிமொழி. அந்த 2,300 உயிரும் பொச்சாப்பின் கணக்கிலேயே வருகின்றன. நிலக்கரியின் தீமையை நான் முழுதாக ஏற்கிறேன். ஒரு தீமையை விடுவதற்கு இன்னொன்றைப் பிடித்தே ஆக வேண்டும் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. அந்த இரண்டுக்கு நடுவில்தான் நாம் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று முடிவு செய்தவர் யார்?

இந்தக் கேள்வியைப் புணேயில் ஒருவர் வெகு காலம் முன்பே கேட்டார். கணித அறிஞரும் வரலாற்றாசிரியருமான தா. த. கோசம்பி, அணு விஞ்ஞானி ஹோமி பாபாவின் அழைப்பில் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தவர். புணேயில் குடியிருந்து மும்பைக்கு ரயிலில் போய்வந்தவர். அவருடைய தந்தை தர்மானந்த கோசம்பி ஃபெர்குசன் கல்லூரியில் பாலி மொழி கற்பித்த பௌத்த அறிஞர். 1960 ஜூலையில் பூனா ரோட்டரி சங்கத்தில் இந்தியாவின் அணுசக்தி பற்றி மகன் உரையாற்றினார். வெயில் கொட்டிக் கிடக்கும் நாட்டுக்குச் சூரிய ஆற்றலே பொருத்தம் என்றார். கிராமம்தோறும் அதைப் பிரித்துப் பயன்படுத்தலாம் என்றார். அணு மின்சாரத்தின் உண்மையான செலவு கணக்கில் காட்டப்படுவதில்லை என்றார். கதிர்வீச்சு வருங்காலத் தலைமுறைகளின் மரபுக்கே கெடுதல் செய்யும் என்பது அவரைக் கவலைகொள்ளச் செய்தது. அப்போது சூரிய மின்சாரம் விலை மிகுந்த ஆய்வுக்கூடப் பொருள்; அவர் பேச்சைக் கனவு என்று தள்ளியவர்களைக் குறை சொல்ல முடியாது. இன்று அதே மின்சாரம் நாட்டில் மிக மலிவாகக் கிடைப்பவற்றில் ஒன்று. இரவுக்கும் மழைக்காலத்துக்கும் என்ன செய்வது என்பது உண்மையான சிக்கல். சேமிப்பும், காற்றும், மலைத்தொடர்களில் நீரை ஏற்றி வைத்து இறக்கும் நிலையங்களும் அதற்கு வழிகள், எல்லாமே செலவுள்ளவை. ஆனால் அவை தவறினால் விளக்கு அணையும். விளக்கை மறுபடி ஏற்றலாம். மறதிக்கு அவை விதிக்கும் தண்டனை மறதிக்காரரோடு முடிகிறது.

ஆகவே நான் வந்து சேரும் இடம் இது. ஆற்றலைத் தேர்ந்தெடுக்கும்போது, ஒரு யூனிட் என்ன விலை என்று கேட்பதற்கு முன், இது எவ்வளவு விழிப்பைக் கேட்கிறது, அதை யார் எத்தனை காலம் தர முடியும் என்று கேட்க வேண்டும். ஏற்கெனவே ஓடும் உலைகளுக்கு, 1969 முதல் மின்சாரம் தரும் தாராப்பூர் தொடங்கி, அந்த விழிப்பைக் குறைவின்றித் தருவது நம் கடமை. ஜப்பானில் கண்காணித்த அலுவலகம், அணுவை வளர்க்கும் அமைச்சகத்தின் கீழேயே இருந்தது; அழிவுக்குப் பின், 2012இல்தான் பிரித்தார்கள். நம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983இல் அரசாணையால் பிறந்து, தான் கண்காணிக்க வேண்டிய அணுசக்தித் துறையைப் பல்லாண்டுகள் சார்ந்தே இருந்தது; 2012இல் தலைமைத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை இதைக் கண்டித்தது; வாரியத்தைச் சீரமைக்க 2011இல் கொண்டுவந்த மசோதா நிறைவேறாமல் 2014இல் காலாவதியானது. சட்டத்தில் சுதந்திரம் என்று எழுதுவது தொடக்கம்தான். உலைக்கு மஞ்சுஸ்ரீ என்று பெயர் வைத்ததைப் போல் அதுவும் வெறும் பெயராக முடியலாம். வேண்டாம் என்று சொல்லும் அதிகாரியின் சொல் ஒரு நாளாவது ஓர் உலையை நிறுத்தியது என்று காட்டும்போதே அந்தச் சுதந்திரத்தை நம்பலாம். புதிய உலைகளைப் பொறுத்தவரை, அவற்றின் கழிவை எங்கே வைப்பது என்பதற்கு ஜப்பானுக்கு அறுபது ஆண்டுகளாக விடை கிடைக்கவில்லை. இறுதியாகப் புதைக்கும் இடம் நமக்கும் இல்லை. விடை இல்லாமல் தொடங்குவது, பின்னால் வருபவர்கள் நம்மைவிட விழிப்பாக இருப்பார்கள் என்று நாமே முடிவு செய்வதாகும். 2016 நவம்பரில் டோக்கியோவில் கையெழுத்தான இந்திய–ஜப்பான் அணு ஒப்பந்தத்தால் ஜப்பானின் தொழில்நுட்பம் நமக்கு வரலாம். அதைவிட விலை மதிப்புள்ள ஒன்றை, தம் பிழையைத் தாமே விசாரித்து எழுதிய அறிக்கையை, அவர்கள் எந்த ஒப்பந்தமும் இல்லாமல் உலகத்தின் முன் வைத்துவிட்டார்கள். ஜைதாப்பூரின் மீனவரும் மாம்பழத் தோட்டக்காரரும் கேட்கும் கேள்விகளை அந்த அறிக்கையைப் படித்தவர்கள் அறியாமை என்று ஒதுக்க மாட்டார்கள். 15.7 என்ற எண்ணை மீண்டும் ஓர் அலுவலக அலமாரியில் வைத்துவிடாதீர்கள் என்றுதான் அவர்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்வரை முதல் கல்லை நடாமல் இருப்பதே, வள்ளுவர் அரசுக்குச் சொன்ன பொச்சாவாமை.